துரை எந்தத் துப்பாக்கியை வாங்கினார்?

தாத்தாவுக்குத் துப்பாக்கி என்றால் முதலில் ஞாபகம் வருவது சுடுதண்ணீர்தான். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டமொன்றில் துரை பங்களாவில் எடுபிடி வேலைக்கு அவர் சேர்ந்தபோது பன்னிரண்டோ பதின்மூன்றோ வயது. ஜப்பான்காரன் வருவதற்கு மூன்று நான்கு வருடம் முன்பு. துரை வேட்டைக்குப் போய்த் திரும்பும் நாட்களில் குசினியில் ஒரு கெண்டி வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். துப்பாக்கியின் பின்பக்கம் புனலை வைத்து அதை ஊற்றுவார்கள். குழலின் வாய் வழியாகக் கறுப்பாக வடியும். தண்ணீர் தெளிந்து வரும்வரை ஊற்ற வேண்டும். பிறகு துணி. பிறகுதான் எண்ணெய்.

“இரும்புல தண்ணி ஊத்துனா துருப்புடிக்காதா தாத்தா?”

“அதத்தான் நானும் கேட்டேன். சமையக்காரரு நங்குன்னு ஒரு கொட்டு வச்சாரு. அதுக்கப்புறம் கேக்கல.”

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைக்க அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் தீப்பொறி உண்டாக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறி, குழலின் உள்சுவரில் படிந்துவிடும். அது ஒரு உப்பு. எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். அதை அப்படியே விட்டால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். மலாக்காக் காற்றில் அதற்கு ஒரு ராத்திரி போதும். தண்ணீர் உப்பைக் கழுவுகிறது, அதன் சூடு மிச்ச ஈரத்தை உலர்த்திவிடுகிறது. ஆக தாத்தா செய்தது சரியான வேலை. அவர் கழுவிய துப்பாக்கி எது என்பதுதான் என் கேள்வி.

இது வீண் ஆராய்ச்சி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நம் தோட்ட வரலாற்றில் மண்வெட்டிக்கும் பால் கத்திக்கும் இடமுண்டு, பிரட்டுக்கும் கங்காணிக்கும் இடமுண்டு. பங்களாச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் பொருளைப் பற்றி மட்டும் ‘துரையிடம் ஒரு துப்பாக்கி இருந்தது’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

தாத்தா அதற்கு வைத்திருந்த பெயர் ‘தாப்பாத் துப்பாக்கி’. பொருத்தமான பெயர். போல்ட்-ஆக்‌ஷன் என்பது அச்சுஅசலாகக் கதவுத் தாழ்ப்பாள்தான். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் கீழே மெகசினில் காத்திருக்கும் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் பால் மவுசர் பல மாடல்கள் செய்து பார்த்து 1898-இல் கொண்டுவந்த வடிவம்தான் இன்றுவரை அடிப்படை. அதன் பக்கவாட்டில் நீளமான ஒரு நகம் உண்டு. மெகசினிலிருந்து தோட்டா எழும்பும்போதே அந்த நகம் அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும், வெளியே எறியும்வரை விடாது. பதற்றத்தில் கை நடுங்கினாலும், துப்பாக்கி தலைகீழாக இருந்தாலும் தோட்டா வழுக்கி விழாது. பத்தடி தூரத்தில் காட்டெருது நிற்கும்போது இந்த நகம்தான் உயிர்.

அதுவரை பெரிய மிருக வேட்டைக்கு வெள்ளைக்காரப் பணக்காரர்கள் வாங்கியது இரட்டைக் குழல் ரைபிள். இரண்டு குழல், இரண்டு விசை. முதல் குண்டு தவறினால் கையை நகர்த்தாமலே இரண்டாவதைச் சுடலாம். நெருங்கிய காட்டுக்கு அதைவிட நல்லது இல்லை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு குழலும் ஒரே புள்ளியில் சுடும்படி கையால் ஒட்டித் திருத்த வேண்டும், வாரக்கணக்கில் வேலை. விலையும் அதற்கேற்ப. மவுசர் தொழிற்சாலையில் செய்த தாழ்ப்பாளை வாங்கி லண்டனில் குழல் பொருத்தி விற்றபோது, ஒரு தோட்டத் துரையின் சம்பளத்துக்கும் எட்டுகிற பொருளாக அது ஆனது. ஜான் ரிக்பி நிறுவனம் இதை முன்னின்று செய்தது. போயர் யுத்தத்தில் (1899-1902) பிரிட்டிஷ் சிப்பாய்கள் மவுசரின் குண்டுகளை நெஞ்சில் வாங்கியிருந்ததால் அதன் தரத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கேள்வி காலிபர், அதாவது குண்டின் விட்டம். இங்கேதான் சாம்ராஜ்யத்தின் பயம் எட்டிப்பார்க்கிறது. 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அங்குல வேட்டைத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இறக்குமதி செய்ய பிரிட்டிஷ் அரசு தடை விதித்தது. பழைய பட்டாளத் துப்பாக்கியான மார்ட்டினி-ஹென்றியின் குண்டும் அதே விட்டம். அவற்றில் எத்தனையோ ‘சுதேசி’களின் கைக்குப் போயிருந்தன. துரைமார் யானைக்கு வாங்கும் தோட்டா கலகக்காரன் கைக்குப் போனால்? லண்டன் கம்பெனிகள் சளைக்கவில்லை. விட்டத்தைக் கொஞ்சம் கூட்டி .465, .470 என்று புதிதாகச் செய்தன. வேட்டைப் புத்தகங்களில் இந்த எண்களெல்லாம் ஏதோ இயற்பியல் விதிப்படி வந்தவை போலத் தோன்றும். உண்மையில் அவற்றில் சில, யார் கையில் துப்பாக்கி போகக்கூடாது என்ற கவலையில் பிறந்த எண்கள்.

அந்தக் கவலைக்கு ஏற்கெனவே சட்ட வடிவம் இருந்தது. வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. (குடகர்களுக்கும் விலக்கு கொடுத்திருந்தார்கள். ராஜவிசுவாசத்துக்கு அப்படியும் ஒரு பரிசு.)

இதை மனதில் வைத்துக்கொண்டு ஜிம் கார்பெட்டைத் திரும்பப் படித்தேன். 1944-இல் வந்த புத்தகம், ‘குமாயுன் புலிகள்’ என்று தமிழிலும் கிடைக்கிறது. பள்ளிக்கூட வயதில் படித்தபோது புலியை மட்டும்தான் பார்த்தேன். இப்போது துப்பாக்கிகளைப் பார்த்தேன்.

1907, சம்பாவத். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலி. கார்பெட் விரட்டுவதற்கு ஆள் சேர்க்கச் சொல்கிறார். தாசில்தார் ஒரு அறிவிப்பு செய்கிறார்: லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோடு வந்தாலும் கண்டுகொள்ள மாட்டேன், தோட்டா இல்லாவிட்டால் தருகிறேன். மத்தியானத்துக்குள் 298 பேர். அவர்கள் கொண்டுவந்த ஆயுதங்களை வைத்து ஒரு மியூசியமே நடத்தலாம் என்று கார்பெட் வேடிக்கையாக எழுதுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் புலி ஆட்களைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அந்தத் துப்பாக்கிகள் கூரைக்கும் வைக்கோலுக்கும் இடையில் ஒளிந்திருந்தன. வெளியே எடுத்திருந்தால் புலிக்கு முன்னால் போலீஸ் வந்திருக்கும்.

அன்று கார்பெட் கையில் .500 ரைபிள், மூன்றே மூன்று தோட்டா. மூன்றும் தீர்ந்துபோக, காயம்பட்ட புலி பாறையில் நிற்கிறது. ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இடைவெளி தெரிகிற ஓட்டைத் துப்பாக்கி. அதில் சுட்ட குண்டு வாயைக் குறி பார்த்துப் போய் முன்னங்காலில் பட்டது. முந்தைய காயங்களால்தான் புலி செத்தது. அதற்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஜான் ஹீவெட் அவருக்குக் கொடுத்ததுதான் .275 ரிக்பி. மவுசர் தாழ்ப்பாள், ஏழு மில்லிமீட்டர் குண்டு. வெள்ளித் தகடு பதித்தது.

நிபுணர் பார்வையில் .275 புலிக்குச் சின்னது. மானுக்குச் சரி. ஆனால் கார்பெட் மச்சானில் உட்கார்ந்திருக்கும் மகாராஜா அல்ல, மலையில் ஒரு நாளைக்கு இருபது மைல் நடக்கிறவர். ஏழெட்டு பவுண்டு எடைதான் தோளில் தாங்கும். 1930 ஏப்ரலில் சௌகட் பெண்புலியைச் சுட்டபோது அவருடைய இடது கையில் இரண்டு பக்கிப் பறவை முட்டைகள். பறவை முட்டை சேகரிக்கிற பழக்கம், வழியில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். பாறையைச் சுற்றித் திரும்பினால் எட்டடியில் புலி. முட்டையைக் கீழே போடவும் முடியாது, வேகமாக அசையவும் முடியாது. வலது கையால் மட்டும் துப்பாக்கியை மெல்ல மெல்லச் சுற்றிக் கொண்டுவந்து சுட்டார். பத்துப் பதினோரு பவுண்டு இரட்டைக் குழலை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆப்பிரிக்காவில் பெல் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் இதே .275 வகைத் துப்பாக்கிகளால் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டார்; எல்லாத் துப்பாக்கிகளையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல். செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்துவைத்திருந்தார். தந்த வியாபாரத்துக்காகச் செய்த கொலைகள், மரியாதை தர எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் விளங்குகிறது. இந்த அறிவு இல்லாமல் பெரிய துப்பாக்கி இருந்து பயனில்லை. பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல், யானையைச் சுட்ட அனுபவத்தை 1936-இல் கட்டுரையாக எழுதினார். முதலில் கையில் இருந்தது பழைய .44 வின்செஸ்டர். பிறகு ஆளனுப்பி யானைத் துப்பாக்கி வாங்கிவரச் செய்கிறார், அருமையான ஜெர்மன் சாமான். ஆனால் காதுத் துளையைக் குறிவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. யானை சாக அரை மணி நேரம் ஆனது. அந்தக் கட்டுரையை எல்லோரும் ஏகாதிபத்தியம் பற்றியது என்று படிக்கிறோம். ஒருமுறை துப்பாக்கியைப் பற்றியதாகவும் படித்துப் பாருங்கள்.

நம் ஊருக்கு வருவோம். லூபோக் சீனா மலாக்காவின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. லிங்கி ஆற்றைத் தாண்டினால் நெகிரி செம்பிலான். லூபோக் என்றால் ஆற்றின் ஆழமான மடு. மாவட்டத்தின் பெயர் அலோர் காஜா. காஜா என்பது நம் கஜம்தான். இன்று அங்கே யானை என்றால் ரவுண்டானாச் சிலையோ கோயில் ஓவியமோதான். ஆனால் 1854-இல் வாலஸ் மலாக்கா வந்து லேடாங் மலை ஏறியபோது யானைச் சாணத்தையும் காண்டாமிருகத் தடத்தையும் பார்த்து, ராத்திரி முழுக்க நெருப்பு அணையாமல் காத்ததாக எழுதியிருக்கிறார். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம் அது. அதற்குப் பிறகு காடு தோட்டமாக மாறிக்கொண்டே போனது. காட்டின் ஓரம் எங்கே இருந்ததோ அங்கே தமிழன் குடியிருந்தான். விடியற்காலை இருட்டில் முதலில் நிரைக்குள் போகிறவன் அவன்தான்.

துரைமாரில் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். தியோடர் ஹப்பக். கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் ஜாமெக் மசூதியையும் வடிவமைத்த ஆர்தர் ஹப்பக்கின் தம்பி. யானை, காட்டெருது வேட்டை பற்றி 1905-இல் புத்தகம் எழுதியவர். அதே ஆள் பிற்காலத்தில் மிருகங்களைக் காப்பாற்றக் கிளம்பினார். மலாயா வனவிலங்கு ஆணையத்தின் தலைவராக இருந்து 1932-இல் பெரிய அறிக்கை கொடுத்தார். பயிரை அழிக்கிறது என்று தோட்டக்காரர்கள் யானையைச் சுடச் சொல்ல, இவர் எதிர்த்து நின்றார். இன்றைய தாமான் நெகாரா அவருடைய பிடிவாதத்தால் வந்தது.

எங்கள் தோட்டத்துத் துரை அப்படிப்பட்டவர் அல்ல. காட்டுப்பன்றி, மான், எப்போதாவது புலிச் செய்தி வந்தால் அதற்கும் கிளம்புவார். அன்றைக்கு வெட்டுக்கு அனுப்பாமல் இருபது முப்பது பேரைத் தகரம் தட்ட அழைத்துப் போவார்கள். தாத்தாவின் அப்பாவும் போவார். தகரம் தட்டினால் அரைப் பேர் போடுவார்கள். புலி குறுக்கே பாய்ந்தால் தட்டுகிறவன் கையில் இருப்பது தகரமும் குச்சியும். துரை பக்கத்தில்தான் நிற்பார், ஆனால் துப்பாக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். தாத்தா அறிந்த எந்த வெட்டுக்காரனுக்கும் லைசென்ஸ் இருந்ததில்லை. கேட்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றியதில்லை.

1942 ஜனவரி நடுவில் மலாக்கா விழுந்தது. துரை அதற்குச் சில நாள் முன்பே காரில் தெற்கே கிளம்பினார். தாத்தா சொன்ன கதைகளில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவில்லை. சுவரிலிருந்து இறக்கி, தாழ்ப்பாளை மட்டும் உருவினார். மவுசரில் இடப்பக்கம் ஒரு சின்ன நெம்பை இழுத்தால் தாழ்ப்பாள் முழுதாகக் கையோடு வந்துவிடும். அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். லிங்கி ஆற்றுப் பாலத்தில் கார் நின்றதையும் மடுவில் எதையோ எறிந்ததையும் பார்த்ததாகக் கார் டிரைவர் பின்னால் வந்து சொன்னாராம். ஒருமுறை இது டிரைவர் சொன்னது, இன்னொருமுறை தாத்தாவே பார்த்தது. மலாக்காவுக்குத் தெற்கே போக எதற்கு வடக்கே லிங்கிக்கு வந்தார் என்று கேட்டால் தாத்தா பேச்சை மாற்றிவிடுவார். நான் நம்புவது இவ்வளவுதான்: தாழ்ப்பாள் இல்லாத துப்பாக்கி சுவரில் தொங்கியது, ஜப்பான்காரன் வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனான்.

போகும்போது துரை ஒன்றை மறந்துவிட்டுப் போனார். ஒரு வெற்றுக்கூடு. சுட்டு முடித்த பித்தளைக் குப்பி. தாத்தா அதற்கு முன்பே பொறுக்கி வைத்திருந்தது. கல்யாணமான பிறகும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். தேய்ந்துபோன பென்சிலை அதில் செருகிப் பிடித்துக்கொண்டு செலவுக் கணக்கு எழுதுவார்.

1948 ஜூன் மாதம் அவசரகாலம் வந்தது. அனுமதி இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் தூக்கு. எஸ்.ஏ. கணபதியின் பெயர் இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே பிடிபட்டார். ஒரு ரிவால்வர், ஆறு தோட்டா. நேருவின் அரசு தலையிட்டுப் பார்த்தது. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். துரைமாரோ அதே மாதங்களில் இடுப்பில் பிஸ்டலும் காரில் ஸ்டென் துப்பாக்கியுமாகத் தோட்டத்தைச் சுற்றினார்கள். கம்யூனிஸ்டுகள் தோட்டத் துரைமாரைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் செத்த பிறகு மற்ற துரைமாருக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். அதற்கு முன் எத்தனையோ வருடம் புலிக்கும் பன்றிக்கும் நடுவே வேலை செய்தவர்களுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

கணபதி தூக்கில் தொங்கிய செய்தி லயத்துக்கு வந்த ராத்திரி, பாட்டி தாத்தாவிடம் கேட்கவே இல்லை. பென்சிலைப் பிடுங்கிக் கணக்கு நோட்டில் வைத்துவிட்டு, பித்தளைக் குப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கக்கூஸ் குழியில் போட்டுவிட்டார்.

“வெறுங்கூடுதான பாட்டி, அதுல மருந்தே இல்லியே?”

“போலீஸ்காரன் வந்து மோந்து பாத்துட்டா விடப்போறான்?”

தாத்தா போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்து, துரை வாங்கியது எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியோடு பாட்டியிடம் உட்கார்ந்தேன். அவருக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. துப்பாக்கியைப் பங்களாவுக்குள் பார்த்ததே இல்லை. குப்பியை மட்டும் ஏழெட்டு வருடம் துடைத்து வைத்திருக்கிறார். எவ்வளவு நீளம் என்று கேட்டேன். நடுவிரலைக் காட்டினார். வாய்ப்பக்கம் எப்படி? மேலே போகப் போகச் சரிவாக ஒடுங்கும் என்றார். அடிப்பக்கம்? கொஞ்சம் யோசித்தார்.

“அடியில சுத்தி ஒரு வளையம் இருக்கும்பா. ஒட்டியாணம் கட்டுன மாதிரி.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒட்டியாணம் கட்டிய தோட்டா எல்லாக் கம்பெனியும் செய்தது அல்ல. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் கொண்டுவந்த .375 மேக்னம் அப்படிப்பட்டது. அக்காலத்து வெடிமருந்தான கார்டைட் வெயில் சூட்டில் அதிக அழுத்தம் கொடுக்கும். சுட்ட கூடு குழலுக்குள் இறுகிக்கொண்டால் தாழ்ப்பாள் திறக்காது. அதனால் கூட்டை நல்ல சரிவாகச் செய்தார்கள், எளிதாகக் கழன்று வரும். ஆனால் சரிவாக இருந்தால் அது குழலுக்குள் எங்கே போய் நிற்பது? அதைச் சொல்லத்தான் அடியில் அந்த வளையம். பன்றியிலிருந்து யானைவரை ஒரே துப்பாக்கியை வைத்துச் சமாளிக்க நினைக்கிறவர்கள் வாங்குவது .375. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் ஆபத்தான மிருகங்களுக்கு இதற்குக் குறைந்த காலிபரை இன்றும் அனுமதிப்பதில்லை. இரண்டாவது துப்பாக்கி வாங்க வசதியில்லாத, ஆனால் எதற்கும் தயாராக இருக்க விரும்பிய ஒரு நடுத்தரத் துரை. தாத்தா சொன்ன ஆளோடு பொருந்துகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது. அதே கம்பெனி 1925-இல் .300 அளவிலும் ஒட்டியாணம் கட்டிய தோட்டாவைக் கொண்டுவந்தது. அது மான் துப்பாக்கி. இரண்டின் கூடும் கிட்டத்தட்ட ஒரே நீளம், வாய் மட்டும்தான் வேறு. பென்சிலின் தடிமன் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் கொஞ்சம். .300 கூட்டின் வாயில் அது சிக்கென்று உட்கார்ந்துவிடும். .375 கூட்டில் ஆடும்.

“பென்சில் அதுல கெட்டியா நிக்குமா பாட்டி?”

“எங்க நின்னுச்சு? லொடலொடன்னு ஆடும். உங்க தாத்தா சீரெட்டுப் பொட்டி ஈயத்தாள சுத்தித்தான் சொருகுவாரு.”